வாஞ்சூர் எல்லையும் ஷேடோ டாமும்

நாகூரிலிருந்து காரைக்காலுக்கு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு எல்லை எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலவாஞ்சூர் வந்ததும் சாலையின் இரு பக்கமும் ஒயின்ஷாப் போர்டுகள் வரிசைகட்டும். பெட்ரோல் பங்க்கில் நாகப்பட்டினத்து வண்டிகள் முண்டியடிக்கும். தார்ச்சாலை அதேதான், வயல் அதேதான், பேச்சும் அதே பேச்சுதான். வரியும் விலையும் சட்டமும் மட்டும் அந்த இடத்தில் மாறிவிடுகின்றன. வடக்கே பூவத்தைத் தாண்டித் தரங்கம்பாடிப் பக்கம் போனாலும், மேற்கே அம்பகரத்தூரைத் தாண்டினாலும் இதே கதைதான். மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல், நடுவில் நாங்கள். எங்கள் தலைமைச் செயலகமோ நூற்றுச்சொச்சம் கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில்.

தாத்தா காலத்தில் இந்த எல்லையில் சுங்கச் சாவடியே இருந்தது. 1954 நவம்பர் 1 வரை இந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி, அந்தப் பக்கம் இந்தியா. சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல்தான் முடிந்தது. துணி மூட்டையை எந்த வரப்பு வழியாகக் கொண்டுபோனால் சாவடிக்காரர் கண்ணில் படாது என்று சொல்லும்போது தாத்தாவின் குரலில் ஒரு மிதப்பு இருக்கும். அவர் கடத்தினாரா இல்லையா என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

இணையப் பக்கங்களைக் கட்டுவதுதான் எனக்குச் சோறு போடும் தொழில். சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஷேடோ டாம் என்ற சங்கதியை ஒருவர் எங்களுக்கு விளக்கினார். வட்டம், சதுரம், அம்புக்குறி என்று ஸ்லைடு ஸ்லைடாகப் பாடுபட்டார். பக்கத்துக்குள் ஒரு தனிப் பக்கம். வெளியே போட்ட ஸ்டைல் உள்ளே செல்லாது, உள்ளே போட்டது வெளியே கசியாது. கூட்டத்தில் பலர் விழித்தார்கள். நான் காரைக்கால்காரன், எனக்கு முதல் ஸ்லைடிலேயே விளங்கிவிட்டது.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இணையப் பக்கம் என்பது டேக்குகளால் ஆனது. பட்டனுக்கு ஒரு டேக், படத்துக்கு ஒரு டேக், பத்திக்கு ஒரு டேக். பிரவுசருக்குப் பிறவியிலேயே தெரிந்த டேக்குகள் நூற்றுச்சொச்சம். நமக்கு வேண்டியது பெரும்பாலும் அதில் இருக்காது. வருடம் மாதம் தள்ளிப் பார்க்கிற நாள்காட்டி வேண்டும், நட்சத்திர மதிப்பெண் வேண்டும், பஸ் சீட் காட்டும் கட்டம் வேண்டும். டிவ் என்ற வெற்றுப் பெட்டிகளை அடுக்கி, ஜாவாஸ்கிரிப்டால் ஆட்டிவைத்து, ஸ்டைல் பூசி ஒப்பேற்றுவோம். வெப் கம்போனென்ட் என்பது, அந்த மொத்தத்துக்கும் நாமே ஒரு டேக் பெயர் வைத்து பிரவுசரிடம் பதிந்துகொள்ளும் வசதி. பதிவதற்கு கஸ்டம் எலிமென்ட், எல்லை கட்ட ஷேடோ டாம், அச்சு எடுத்து வைக்க டெம்ப்ளேட். இதற்கு ரியாக்ட், ஆங்குலர் மாதிரியான பிரேம்வொர்க் எதுவும் வேண்டாம், பிரவுசர் இருந்தால் போதும்.

எல்லை எதற்கு என்று பெரிய பக்கத்தில் மாரடித்தவனைக் கேட்க வேண்டும். சாதாரணப் பக்கத்தில் ஸ்டைல் விதிகளுக்கு ஊர்க் கட்டுப்பாடே கிடையாது. ஒரு மூலையில் யாரோ 'பட்டன் எல்லாம் சிவப்பு' என்று எழுதினால், இன்னொரு மூலையில் எவரோ பார்த்துப் பார்த்துச் செய்த பச்சைப் பட்டனும் சிவந்துவிடும். அதை மறுக்க அவர் தன் விதியின் கடைசியில் 'இம்பார்ட்டன்ட்' என்று சேர்ப்பார். இவர் சும்மா இருப்பாரா, இவரும் சேர்ப்பார். தீபாவளிக்கு ஒரு பேனர் ஏற்றினார்கள், அதன் ஸ்டைல் கசிந்து பணம் கட்டும் பட்டன் வெள்ளையில் வெள்ளையாய் மறைந்துபோனது என்கிற மாதிரியான கதை எல்லா அலுவலகத்திலும் ஒன்று இருக்கும்.

இந்த எல்லையை பிரவுசர்காரர்கள் முதலில் தங்களுக்காகத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள். குரோமில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, செட்டிங்ஸில் 'ஷோ யூசர் ஏஜென்ட் ஷேடோ டாம்' என்ற கட்டத்தை டிக் செய்துவிட்டு, ஏதாவது ஒரு வீடியோ டேக்கை விரித்துப் பாருங்கள். வெளியிலிருந்து பார்க்க ஒற்றை டேக். விரித்தால் ஷேடோ ரூட் என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே டிவ்வுக்குள் டிவ். பிளே பட்டன் தனியாக, படம் ஓடும் கோடு தனியாக, சத்தத்துக்கு ஒன்று, முழுத்திரைக்கு ஒன்று. நாங்கள் நாள் முழுக்கச் செய்கிற அதே ஒட்டுவேலையைத்தான் அவர்களும் செய்திருக்கிறார்கள், பெட்டியை மூடிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். முதல்முறை இதை விரித்துப் பார்த்தபோது எனக்கு வந்தது வியப்பா ஆத்திரமா என்று இப்போதும் தெரியவில்லை. கூகுளின் டிமித்ரி கிளாஸ்கோவ் 2011இல் இதை எழுதி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஃபிரன்டியர்ஸ் மாநாட்டில் அலெக்ஸ் ரஸ்ஸல் வெப் கம்போனென்ட்ஸ் என்ற பெயரோடு மேடையேற்றினார்.

அதற்கு முன்னால் யாரும் முயலவில்லை என்றில்லை. மைக்ரோசாஃப்ட் 1999இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இலேயே எச்.டி.சி. என்று ஒன்றை வைத்திருந்தது. மொஸில்லாவிடம் எக்ஸ்.பி.எல். இருந்தது. இவர் செய்தது அவரிடம் ஓடாது, அவர் செய்தது இவரிடம் ஓடாது.

அந்த 'ஓடாது' என்றால் என்ன என்பதை நான் பாரதியார் சாலையில், ஒரு மாடி பிரவுசிங் சென்டரில் கற்றுக்கொண்டேன். அப்போது தமிழ்த் தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபான்ட். வாரப் பத்திரிகைக்கு ஒன்று, நாளிதழுக்கு ஒன்று, அடுத்த நாளிதழுக்கு வேறொன்று. எந்தக் கம்ப்யூட்டரில் எது ஏற்றியிருக்கிறது என்று சென்டர்க்காரர் சுவரில் சீட்டு ஒட்டியிருப்பார். ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் உட்கார்ந்தால், தலையில் கொம்பும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் வரும். எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து அந்த நாட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். பேரனோடு சென்டருக்கு வந்தவர், கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு என் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எழுத்தெல்லாம் பிரெஞ்சு எழுத்தாத்தான் இருக்கு தம்பி. வார்த்தைதான் ஒண்ணும் கூடிவரல்லை" என்றார். திரையில் இருந்தது ஒரு சினிமா விமர்சனம்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு டாம், டாப் என்று எழுத்துத் தரங்களை வகுத்தது (அந்த டாம் வேறு). 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் அந்தந்த ஃபான்ட்டில் எழுதப்பட்டது அந்தந்த ஃபான்ட்டுக்குள்ளேயே அடைபட்டது. தேடினால் கிடைக்காது, வெட்டி வேறிடத்தில் ஒட்டினால் குப்பையாகும். அந்தப் பக்கங்களில் எவ்வளவோ இன்றைக்கு இல்லை.

பிரேம்வொர்க் சண்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சீட்டு ஒட்டிய சுவர் நினைவுக்கு வருகிறது. ரியாக்டில் எழுதிய நாள்காட்டி ஆங்குலரில் ஓடாது. 2010இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ்ஸும் 2016இல் வந்த ஆங்குலர் 2உம் பெயரில்தான் உறவு. பழைய கோடு புதியதில் ஓடவில்லை. 2021 டிசம்பர் 31ஓடு பழையதற்கு ஆதரவும் நின்றது. நான் இருந்த ஒரு குழு, வாடிக்கையாளர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்த முழுத் தளத்தையும் இதற்காகவே திரும்ப எழுதியது. ஒரு திரை மாறவில்லை, ஒரு வசதி கூடவில்லை. அவர் பார்த்துவிட்டு, "பழசு மாதிரியேதான் இருக்கு. இதுக்கா இவ்வளவு பில்லு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் மேனேஜர் பதில் சொன்னார், நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெப் கம்போனென்ட்டின் பெரிய பலம் இங்கேதான். பிரவுசரே அறிந்த ஒன்றை பிரவுசர்காரர்கள் லேசில் கைவிடமாட்டார்கள். தொண்ணூறுகளில் எழுதிய பக்கம் இன்றும் திறக்கிறது. கம்பெனிகள் பிரேம்வொர்க்கை மாற்றலாம், ஆட்கள் மாறலாம், டேக் நிற்கும்.

இதை முதலில் பிடித்துக்கொண்டவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. கிரீஷ் மாத்ருபூதமும் ஷான் கிருஷ்ணசாமியும் 2010இல் சென்னையில் தொடங்கி, 2021 செப்டம்பரில் நாஸ்டாக் வரை கொண்டுபோன பிரெஷ்வொர்க்ஸில் கிரேயான்ஸ் என்று ஒரு தொகுப்பு வைத்திருக்கிறார்கள். பட்டன், இன்புட், தேதி, மோடல் எல்லாம் எஃப்.டபிள்யூ. என்ற முன்னொட்டோடு தொடங்கும் டேக்குகள். அயானிக் குழு 2017இல் வெளியிட்ட ஸ்டென்சில் என்ற கருவியைக் கொண்டு செய்தவை. அவர்கள் இந்த வழிக்கு வந்ததற்குக் காரணம் எளிது. அவர்களுடைய மென்பொருளுக்குள் ஓடும் சின்னச் சின்ன ஆப்களை வெளியாட்கள் எழுதுகிறார்கள். ஒருவர் ரியாக்ட், ஒருவர் வ்யூ, ஒருவர் வெறும் ஜாவாஸ்கிரிப்ட். எல்லாருடைய ஆப்பும் வீட்டுப் பிள்ளை மாதிரி தெரிய வேண்டும், ஆனால் எவரையும் 'இந்த பிரேம்வொர்க்கில்தான் எழுது' என்று கட்டாயப்படுத்த முடியாது. டேக்காகக் கொடுத்துவிட்டால் வம்பில்லை. சோஹோவும் லைட் என்று சொந்தமாக ஒன்றை வைத்திருக்கிறது. அவர்களுடைய சி.ஆர்.எம். பக்கத்தை இன்ஸ்பெக்ட் செய்தால் லைட் என்று தொடங்கும் டேக்குகள் தட்டுப்படும். வெளியூரில் அடோபியின் வெப் ஃபோட்டோஷாப் லிட் என்ற கருவியை வைத்துத்தான் தன் பட்டன்களைச் செய்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் தன் சொந்த மெனுக்களுக்குப் பயன்படுத்திய எக்ஸ்.பி.எல்.லைத் துடைத்தெறிந்துவிட்டு 2019இல் வெப் கம்போனென்ட்டுக்கு மாறிக்கொண்டது.

எஃப்.டபிள்யூ., லைட் என்ற அந்த முன்னொட்டுகள் அழகுக்கு வைத்தவை இல்லை. நாம் வைக்கும் டேக் பெயரில் ஒரு சிறுகோடு இருந்தே ஆக வேண்டும். பிரவுசர்காரர்கள் இனிமேல் புதிதாகக் கொண்டுவரும் டேக்குகளில் சிறுகோடு வைப்பதில்லை என்பது உடன்படிக்கை, ஆகவே மோதல் வராது. எங்கள் வண்டிகளில் பி.ஒய். 02 என்று எழுதியிருக்கிறதே, தஞ்சாவூரில் எந்தப் போலீஸ்காரரும் பார்த்தவுடன் காரைக்கால் என்று சொல்லிவிடுவார். பெயரில் தமிழ் எழுத்தும் வைக்கலாம், விதி தடுக்கவில்லை. முதல் எழுத்து மட்டும் ஆங்கிலச் சின்னெழுத்தாக இருக்க வேண்டும். இனிஷியலை ஆங்கிலத்தில் போட்டுப் பெயரைத் தமிழில் எழுதுகிற நமக்கு அது ஒன்றும் புதிதில்லை. நான் ஒருமுறை நாள்காட்டிக்கு அப்படிப் பெயர் வைத்து ஓட்டிப் பார்த்தேன். அழகாக ஓடியது. கூட வேலை பார்த்த பெங்காலி நண்பர் கோடைப் படிக்க முடியாமல் கையெடுத்துக் கும்பிட்டார், மாற்றிவிட்டேன்.

நல்ல சரக்கு என்றால் ஊரெல்லாம் ஏன் ரியாக்டில் எழுதுகிறது? காலம் கடந்து வந்ததுதான் முதல் காரணம். 2011இல் பேச்சு தொடங்கியது, 2013இல் கூகுள் இதற்கான பாலிமர் என்ற கருவியை அவிழ்த்துவிட்டது, அதே வருடம் மே மாதம் ஃபேஸ்புக் ரியாக்டைத் திறந்துவிட்டது. ரியாக்டுக்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை. இங்கேயோ குரோம் முதலில் ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தது, ஆப்பிளும் மொஸில்லாவும் ஒப்பவில்லை, பேசிப் பேசி இரண்டாம் வடிவம் வந்தது. ஃபயர்ஃபாக்ஸில் வந்து சேர்ந்தது 2018 அக்டோபரில், 63ஆம் பதிப்பில். எட்ஜ் 2020 ஜனவரியில் குரோமின் எஞ்சினுக்கே மாறியபோதுதான் அதில் வந்தது. நடுவில் யூடியூப் 2017இல் புது முகத்தோடு வந்தது, அதை எழுதியிருந்தது குரோமில் மட்டும் இருந்த பழைய வடிவத்தில். மற்ற பிரவுசர்களில் ஒட்டுப்போட்டு ஓட்டினார்கள். ஃபயர்ஃபாக்ஸில் ஐந்து மடங்கு மெதுவாகத் திறக்கிறது என்று 2018இல் மொஸில்லாக்காரர் ஒருவர் போட்டு உடைத்தார். கெட்ட பெயர் அப்போது ஒட்டியது. இருக்கிற பட்டனையே வளர்த்து எழுதும் வழியை ஆப்பிள் இன்றுவரை ஏற்கவில்லை. ரியாக்டும் பல வருடம் இந்த டேக்குகளை மாற்றாந்தாய் மனப்பான்மையோடுதான் பார்த்தது. ஒரு பட்டியலை உள்ளே அனுப்பினால் அதை எழுத்தாக்கி, 'ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்' என்று திரையில் கக்கும். 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19தான் அதைச் சரிசெய்தது.

இதெல்லாம் சண்டைக் கதை, ஆற அமர மறந்துவிடலாம். எல்லையால் வந்த தொல்லை வேறு.

புதுச்சேரி என்பது நான்கு துண்டு: புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம். சட்டமன்றம் ஒன்று, கஜானா ஒன்று. ஆனால் அண்மையில் சி.பி.எஸ்.இ.க்கு மாறும்வரை நாங்கள் படித்தது தமிழ்நாட்டுப் பாடப் புத்தகம். மாஹே பிள்ளைகள் கேரளப் பாடம், ஏனாம் பிள்ளைகள் ஆந்திரப் பாடம். எல்லைக்குள் தனிச் சட்டம்தான், ஆனாலும் எந்த மண்ணில் கிடக்கிறோமோ அதன் மொழியும் பாடமும் எங்களுக்குள் ஊறிவிடும். ஷேடோ டாமை மதில் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. எழுத்தின் நிறம், ஃபான்ட், வரி உயரம் எல்லாம் வெளியிலிருந்து உள்ளே இறங்கும். ஒரே கம்போனென்ட்டைத் தமிழ்ப் பக்கத்தில் வைத்தால் தமிழ் ஃபான்ட்டை வாங்கிக்கொள்ளும், மலையாளப் பக்கத்தில் வைத்தால் அதனுடையதை. பட்டன் சிவப்பாக வேண்டும் என்ற நேரடி உத்தரவு மட்டும்தான் எல்லையில் நின்றுவிடும். அதற்கும் சி.எஸ்.எஸ். மாறிகள் என்று ஒரு மதகு உண்டு. வெளியே மாறியில் நிறத்தைத் திறந்துவிட்டால், உள்ளே இருப்பவர் விரும்பினால் எடுத்துக்கொள்வார்.

மதகு என்றதும் நினைவு வருகிறது. காரைக்காலின் கோட்டுச்சேரியும் நெடுங்காடும் நெல் விளைவிப்பது அரசலாறும் நாட்டாறும் கொண்டுவரும் காவிரியில்தான். நடுவர் மன்றம் 2007 இறுதித் தீர்ப்பில் எங்களுக்கு 7 டி.எம்.சி. என்று எழுதியது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதில் கைவைக்கவில்லை. தண்ணீர் வந்து சேரவேண்டியது தமிழ்நாட்டு வாய்க்கால் வழியாக. கடைமடை. சித்தப்பா ஆடியில் தினம் காலையில் வரப்பில் நின்று மேற்கே பார்ப்பார். அவர் கையில் ஒன்றும் இல்லை.

அந்தக் கைகட்டிய நிலை எனக்கு ஒரு பட்டனில் வாய்த்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கம்போனென்ட் தொகுப்பு, வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கியது. ஆங்கிலத்தில் 'டவுன்லோட்' என்று பளிச்சென்று நின்ற பட்டனில் 'பதிவிறக்கு' என்று போட்டோம். மேலே புள்ளி காணோம், கீழே குகரத்தின் வளைவு காணோம். திரையில் நின்றது 'பதிவிறகக'. உள்ளே உயரத்தை 32 பிக்சல் என்று கட்டிவைத்து, வரி உயரத்தை ஒன்று என்று இறுக்கி, மிஞ்சுவதை வெட்டு என்று எழுதியிருக்கிறார்கள். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் எழுத்து வளரும் மொழிகள் உலகத்தில் உண்டு என்பதை எழுதியவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா? சாதாரண டிவ்வாக இருந்திருந்தால் வெளியிலிருந்து ஒரே வரியில் தளர்த்தியிருப்பேன். இங்கே எல்லை. பார்ட் என்று பெயரிட்டு அந்தத் துண்டை வெளியே தெரியவிட்டிருந்தால் தொட்டிருக்கலாம், அதையும் விடவில்லை. மாறியும் இல்லை. இன்னொரு கூத்து, ஃபான்ட்டை அறிமுகப்படுத்தும் விதியை ஷேடோ டாமுக்குள் எழுதினால் எடுபடாது, வெளிப் பக்கத்தில்தான் எழுத வேண்டும். தமிழ் ஃபான்ட்டையும் கையோடு கொண்டுபோகிற தன்னிறைவான டேக் என்று ஒன்றைச் செய்ய நினைப்பவர் அங்கே முட்டிக்கொள்வார். கடைசியில் அந்தப் பட்டன்களில் எழுத்தைச் சிறுத்து ஒப்பேற்றினோம். சின்ன எழுத்தில் தமிழ் என்றால் என்ன அர்த்தம் என்று வாடிக்கையாளரின் தமிழாசிரியர் மனைவி கேட்டாராம்.

குறை இன்னும் உண்டு. 2020 டிசம்பர் 27, திருநள்ளாறு சனிப்பெயர்ச்சி. கொரோனா காலம் என்றாலும் கூட்டம் வரத்தான் செய்தது. நள தீர்த்தத்துப் பக்கம் நின்றுகொண்டு அத்தை மகன் போன் போட்டான். "மாப்ள, பஸ் டைம் பாக்கலாம்னா பக்கம் வெள்ளையா நிக்குது. மேல தலைப்பு மட்டும் இருக்கு." ஒரு செல்போன் கோபுரத்தைப் பல ஆயிரம் பேர் பிடித்து இழுக்கும் இடத்தில் ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேரவில்லை. அது வராதவரை நம் சொந்த டேக் பிரவுசருக்கு அர்த்தமில்லாத ஒரு பெயர். தானாக ஒன்றும் வரையாது. அன்றைக்கு ஷேடோ டாமை ஜாவாஸ்கிரிப்டால்தான் எழுப்ப முடியும். இப்போது சர்வரிலிருந்தே எல்லையும் உள்ளடக்கமும் சேர்த்து எழுத்தாக அனுப்பலாம். டிக்ளரேட்டிவ் ஷேடோ டாம் என்கிறார்கள். குரோமிலும் சஃபாரியிலும் 2023இல், ஃபயர்ஃபாக்ஸில் 2024 பிப்ரவரியில் வந்துசேர்ந்தது. என்னைக் கேட்டால் இத்தனை வருடத்தில் வெப் கம்போனென்ட்டுக்குக் கிடைத்த நல்ல செய்திகளில் இதுதான் தலைமையானது. மூன்று வருடம் முன்னால் வந்திருந்தால் அவன் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கமாட்டான். இல்லை, அவன் எப்படியும் தவறவிடுகிறவன்தான்.

ஸ்வெல்ட் பிரேம்வொர்க்கை எழுதிய ரிச் ஹாரிஸ், தான் ஏன் இதைப் பயன்படுத்துவதில்லை என்று 2019இல் காரணம் அடுக்கினார். சாலிட் பிரேம்வொர்க்கை எழுதிய ரையன் கார்னியாட்டோ, வெப் கம்போனென்ட் எதிர்காலமே அல்ல என்று 2024இல் எழுதினார். எதிர்காலம் இல்லை, நிகழ்காலம் என்று ஷூலேஸ் தொகுப்பைச் செய்த கோரி லாவிஸ்கா பதில் போட்டார். பிரேம்வொர்க் விற்பவரும் கம்போனென்ட் விற்பவரும் வேறென்ன சொல்வார்கள்? ஒரு முழு ஆப்பை வெறும் வெப் கம்போனென்ட்டில் எழுதினால் நாக்குத் தள்ளிவிடும் என்பது உண்மைதான். தகவல் மாறினால் திரை தானாக மாறாது, டேக்கில் ஆட்ரிபியூட்டாக எழுதும் மதிப்பெல்லாம் எழுத்துச்சரம், ஒரு சின்ன பட்டனுக்கு ஒரு பக்கக் கோடு. அதனால்தான் லிட், ஸ்டென்சில் என்று மேலே ஒரு படலம் தேவைப்படுகிறது. ஆனால் பல கைகள் எழுதும் பல தளங்களில், பத்து வருடம் கழித்தும் மாறாமல் நிற்க வேண்டிய சின்னப் பொருட்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அரசுத் தளங்களையே பாருங்கள். மாவட்டத் தளங்களை மத்திய அரசின் என்.ஐ.சி. எஸ்3வாஸ் என்ற ஒரே அச்சில் வார்த்துவிட்டது. மற்றத் துறைகளின் தளங்களையோ யார் யாரோ எந்தெந்தக் காலத்திலோ எழுதியிருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் தேதி போடுவது ஒரு தினுசு. பொதுவாகப் பத்து டேக் செய்து எல்லாத் துறைக்கும் கொடுத்தால் தீர்ந்தது. யாரும் யாருடைய கோடையும் திரும்ப எழுத வேண்டாம்.

அந்தப் பத்து டேக்கிலும் ஷேடோ டாம் போடாதீர்கள் என்று கெஞ்சுவேன். அதற்குக் காரணம் நெடுங்காட்டில் இருக்கும் என் கணக்கு வாத்தியார்.

ரிட்டயரான பிறகு பார்வை போய்விட்டது. ஆனாலும் விடவில்லை. பேரன் என்.வி.டி.ஏ. போட்டுக்கொடுத்திருக்கிறான், பார்வையற்ற ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கி, தன்னைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டேவோடு சேர்ந்து வளர்த்த இலவசத் திரைவாசிப்பான். ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளின் தமிழ்க் குரலில் நாளிதழ் முழுக்கக் கேட்பார். ஒருநாள் கூப்பிட்டார். "தம்பி, ஒரு ஃபாரம் நிரப்பணும். ஒவ்வொரு கட்டத்துக்குப் போனாலும் 'எடிட், பிளாங்க், எடிட், பிளாங்க்'னே சொல்லுது. எதுல பேரு, எதுல பிறந்த தேதின்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" தளத்தைத் திறந்து பார்த்தேன். கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. 'பெயர்' என்ற லேபிள் வெளிப் பக்கத்தில், எழுதும் கட்டம் ஷேடோ டாமுக்குள். லேபிள் தன் கட்டத்தை ஐ.டி. சொல்லித் தேடும். அந்தத் தேடல் எல்லையைத் தாண்டாது. ஆகவே கட்டத்துக்குப் பெயரில்லை. பார்க்கிறவனுக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரிவதால், கட்டியவர்கள் யாருக்கும் இது உறுத்தவில்லை.

இதற்கு ரெஃபரன்ஸ் டார்கெட் என்று ஒரு மருந்து தயாராகிறது. வெளியிலிருந்து என்னைத் தேடி வருபவரை உள்ளே இந்தக் கட்டத்துக்கு அனுப்பு என்று டேக்கே சொல்லிவிடும். குரோமில் சோதனைக்கு வந்தது. மூன்று பிரவுசரிலும் வந்து, பழைய போன்களிலும் பரவுவதற்குள் வாத்தியார் எத்தனை ஃபாரம் நிரப்ப வேண்டியிருக்குமோ. அதுவரை எல்லையில்லாமலே எழுதலாம். ஜெரமி கீத் போன்றவர்கள் 2023 வாக்கில் எச்.டி.எம்.எல். வெப் கம்போனென்ட் என்று சொல்ல ஆரம்பித்தது இதைத்தான். லேபிளையும் கட்டத்தையும் சாதாரணமாக எழுதி, அதைச் சுற்றி நம் டேக்கைப் போடுவது. ஜாவாஸ்கிரிப்ட் வந்தால் டேக் கூடுதல் வேலை செய்யும், வராவிட்டால் சாதாரண ஃபாரமாக நிற்கும். திருநள்ளாறு வெயிலிலும் நிற்கும்.

எங்கள் ஊர் ஓய்வுபெற்றோர் சங்கத்துக்கு நான் எழுதிக்கொடுத்த பக்கம் அப்படித்தான். என் டேக் செய்வதெல்லாம் தேதியைச் சரிபார்ப்பதும், தப்பென்றால் தமிழில் சொல்வதும். ஏற்றுவதற்கு முன் சாரைத்தான் கூப்பிட்டேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனார். ஈஸ்பீக்கின் குரல் தகரம்போல் ஒலித்தது. பெயர். பிறந்த தேதி. கடைசியாகப் பணிபுரிந்த பள்ளி. வேண்டுமென்றே பிப்ரவரி 30 என்று போட்டுப் பார்த்தார். தப்பென்று சொன்னதும் சிரித்தார்.

"இது சரியா இருக்கு தம்பி. அந்த இன்னொரு தளத்துக்காரனுக்கும் இப்படிச் செய்யச் சொல்லி எழுதிப் போடேன்."

அன்றைக்கே எழுதினேன், எந்த வரியில் என்ன மாற்ற வேண்டும் என்பது உட்பட. பதிலுக்கு ஒரு டிக்கெட் நம்பர் வந்திருக்கிறது.